கோர்சிகானாவில் இறக்காத எஞ்சின்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் கொழுந்தனார் பிள்ளை. கேட்பவர்களுக்கு ஐந்து என்றுதான் சொல்வேன். நாமக்கல்லில் எங்களுக்கு மூன்று லாரி இருந்தது. ஒரு வண்டியோடு என் வீட்டுக்காரர் வடக்கே போயிருப்பார். இன்னொன்று பட்டறையில் எஞ்சின் இறக்கிக் கிடக்கும். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனால் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு மட்டும் எரிந்த வண்டி எது, எஞ்சினே போன வண்டி எது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று நினைத்து ஒருவர் என்னிடம் பேசியதால்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு, என் மகன் குடியிருக்கும் இர்விங்கிலிருந்து கிளம்பினோம். நான், மகன் சரவணன், அவன் மகள் நிலா. நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. ஹியூஸ்டன் இருநூற்று நாற்பத்தைந்து மைல். அங்கே ஒரு குடும்பம் இர்விங்குக்கு வீடு மாறுகிறது. அவர்கள் கட்டிலையும் சோபாவையும் ஏற்றி வந்தால் அறுநூறு டாலர். சரவணனுக்கு ஜனவரியில் ஆபீஸ் வேலை போய்விட்டது. அதிலிருந்து இந்தப் பழைய டிரக்தான் சோறு போடுகிறது. புதிதாக வந்து அபார்ட்மெண்டில் இறங்குகிறவர்களுக்கு மேஜை, மெத்தை என்று சுமக்கிறான். வண்டி இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து மாடல், ஓடியது இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மைல். கையில் இருந்தது மூவாயிரம் டாலர் சொச்சம். அடுத்த மாத வாடகையும் அதற்குள்தான்.

ஏழரை மணிக்கு, எழுபது மைல் தாண்டி, கோர்சிகானா ஊர்ப் பக்கம் சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. பின்னால் வெள்ளைப் புகை. "நிறுத்து கண்ணு, இனி ஒரு அடி ஓட்டாதே" என்றேன். ஃப்ரீவே ஓரத்தில் நிறுத்தினான். இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி, தூரத்தில் நாலு மாடு. ஐம்பது நிமிடம் கழித்து இழுவை வண்டி வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தாள். ஒன்பது மைலுக்கு நூற்று எண்பத்தைந்து டாலர்.

எட்டே முக்காலுக்கு ஒரு பெரிய ரிப்பேர் கடையில் இறக்கிவிட்டாள். பேர் எழுத எனக்கு இஷ்டமில்லை. குளிர் அறை, இலவசக் காபி, மீன்தொட்டி. உள்ளே போகும் கதவில் எதையோ சிவப்பில் எழுதியிருந்தார்கள். நிலா படித்தாள்: வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது.

"நம்ம வண்டிய நாம பாக்கக் கூடாதா?" என்றேன்.

"ம்மா, இது நம்மூர் பட்டறை இல்லைம்மா. இங்க இன்ஷூரன்ஸ், லயபிலிட்டின்னு ஆயிரம் இருக்கு. சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். பத்தரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் வந்தார். கையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. எஞ்சின் முடிந்துவிட்டது, வேறு பழைய எஞ்சின் மாட்ட எட்டாயிரத்துத் தொள்ளாயிரம், வண்டிக்கே அந்த விலை கிடையாது, வேண்டுமென்றால் எழுநூறு கொடுத்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நிலா எனக்குத் தமிழில் சொன்னாள். சரவணன் முகம் செத்துப்போனது.

"ஹெட்டைக் கழட்டிப் பாத்தாரான்னு கேளு சாமி" என்றேன் நிலாவிடம்.

அவள் கேட்டாள். "நோ, அப்பத்தா. கழட்ட வேண்டாமாம். முப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸாம்."

"முப்பது வருஷமா கழட்டாமயேவா பாக்கறாரு? அதையும் கேளு."

"அப்பத்தா, ஐ கான்ட் சே தட்."

சரி என்று விலையில் இறங்கினேன். இவ்வளவு முடியாது, குறைக்கச் சொல் என்றேன். அவர் உள்ளே போனார். மூன்று நிமிடம். திரும்பி வந்து, பெரியம்மா கேட்டதற்காக ஏழாயிரத்து நானூறு என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாயைத் திறந்து ஆயிரத்தைந்நூறு டாலர் குறைத்துவிட்டேன் அல்லவா? சரவணன், பாதியைக் கிரெடிட் கார்டில் போட்டுக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு நட்டைக்கூடத் தொடாமல், மூன்று நிமிடத்தில் ஆயிரத்தைந்நூறை விடுகிற ஆள் முதலில் அதை எதற்காகச் சேர்த்தார்?

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானை எல்லாம் ஒரு சாக்கில் போட்டு பில்லோடு உங்கள் காலடியில் வைத்துவிடுவார்கள். எரிந்த கேஸ்கட், தேய்ந்த ரிங்கு, எல்லாம் அதில் இருக்கும். சாக்கைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம். விலை கொஞ்சம் ஏறக் குறைய இருக்கலாம்; சாக்கு இல்லாமல் பில் கிடையாது.

"பழைய எஞ்சினை நான் பாக்கணும், எது போச்சுன்னு காட்டணும்னு சொல்லு."

அது சப்ளையருக்குத் திரும்பப் போய்விடும், காட்ட முடியாது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"பேனாவ மூடு சரவணா."

"ம்மா, மானத்த வாங்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏழாயிரம் போனா மானம் எங்கடா இருக்கும்?"

சோதித்துப் பார்த்த கூலி என்று நூற்று அறுபத்தைந்து வாங்கிக்கொண்டார்கள். என்னத்தைச் சோதித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அதே இழுவைக்காரியைக் கூப்பிட்டோம். அவள் அந்தக் கடையைத் திரும்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் ரமீரோ என்று ஒருவர் இருக்கிறார், நான்கு மைல் என்றாள். தொண்ணூற்றைந்து டாலர்.

ஒன்றே கால் மணி. தகரக் கொட்டகை, மீன்தொட்டி கிடையாது. ரமீரோவுக்கு அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து வண்டிக்குப் பக்கத்திலேயே போட்டார். அந்த ஒரு நாற்காலியிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து என் பக்கம் நீட்டினார். ஆயிலில் தண்ணீர் கலந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இதில் இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. எங்கள் லாரி டீசல், இது பெட்ரோல். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. பிறகு அழுத்தம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். அந்த சிலிண்டரிலும் அதற்கு அடுத்ததிலும் மட்டும் அழுத்தம் இல்லை. இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது.

"ஹெட் கேஸ்கட்" என்றேன். அவரும் "ஹெட் கேஸ்கட்" என்றார். நிலா வேலையில்லாமல் நின்றாள்.

ஒரு தாளில் எழுதினார். பதினான்கு மணி நேரம், மணிக்குத் தொண்ணூற்றைந்து: ஆயிரத்து முந்நூற்று முப்பது. கேஸ்கட்டும் போல்ட்டும் முந்நூற்றுப் பத்து. ஹெட்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி மட்டம் பார்க்க இருநூற்று நாற்பது. தண்ணீர் பம்ப் நூற்று அறுபது. ஆயில், கூலண்ட் நூற்றுப் பத்து. ஆக இரண்டாயிரத்து நூற்றைம்பது. ஹெட்டில் விரிசல் இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு போன் செய்வேன், கேட்காமல் மேலே போகமாட்டேன் என்றார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷப் பழக்கம், வாய் நிற்கவில்லை. "பாதிக்கு முடிச்சுத் தரச் சொல்லு" என்றேன். நிலா என்னைப் பார்த்தாள். சொல்லு என்று அதட்டினேன்.

ரமீரோ கோபப்படவில்லை. தாளை என் மடியில் வைத்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

நிலா மெதுவாகச் சொன்னாள்: "இதுல எந்த வேலைய செய்ய வேண்டாம்னு நீங்களே அடிச்சுக் கொடுக்கணுமாம், அப்பத்தா."

தாளைப் பார்த்தேன். கேஸ்கட்டை அடிப்பதா? மட்டம் பார்ப்பதை அடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி எரியும். பம்பை அடித்தால் அதற்கு முன்பே. அடிக்க ஒரு வரி இல்லை. வெட்கத்தில் காது சுட்டது. பொய் விலை சொன்னவரிடம் பேரம் பேசிவிட்டுப் பெருமைப்பட்டேன். நிஜ விலை சொன்னவரையும் அதே தராசில் போட்டேன். பென்சிலைத் திருப்பிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் தொப்பியைக் கழற்றினார்.

ஹியூஸ்டன் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மகனின் நண்பர் காரில் வந்து எங்களைக் கூட்டிப்போனார். அதே நண்பர் புதன்கிழமை சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டார். வண்டி முதல் சாவிக்கே கிளம்பியது. பில் இரண்டாயிரத்து நூற்றைம்பது, ஒரு சென்ட் கூடவில்லை. பில்லோடு ஒரு ஆரஞ்சுப் பழ அட்டைப்பெட்டியை ரமீரோ என் காலடியில் வைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. உள்ளே பழைய பம்ப், போல்ட்டுகள், அதன் மேல் கேஸ்கட். இரண்டு வட்டத்துக்கு நடுவே சுண்டு விரல் அகலத்துக்குக் கருகியிருந்தது.

திரும்பும்போது அந்தப் பெரிய கடையைத் தாண்டினோம். அவர்கள் அதிகம் கேட்டதை மன்னித்துவிடுவேன். கேட்பது அவரவர் வாய். கதவைச் சாத்திக்கொண்டு, திறந்துகூடப் பார்க்காமல், ஒரு வீட்டின் பிழைப்பை எழுநூறு டாலர் குப்பை என்றார்களே, அது ஆறவில்லை. நாமக்கல்லிலும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள்கூட நம் கண்ணெதிரே எஞ்சினை இறக்கிவிட்டுத்தான் ஏமாற்றுவார்கள்.

எழுதி முடிக்க ஒன்பது நாளானது. நிலா படிக்கும் தமிழ்ப் பள்ளியின் மலருக்குக் கொடுக்கும் முன் எங்கே பிழை என்று பார்க்க வேண்டும். நிலா, இங்கே வா கண்ணு. சத்தமாகப் படி. எழுத்து கோணலாக இருக்கும் இடத்தில் நிதானமாகப் படி. நான் பாதி விலை கேட்ட இடத்தை மட்டும் எனக்காகத் தாண்டிப் போகாதே.