தெங் பையனின் பின்னல்

என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள். ரயில்வேயில் நான் கட்டிய பாலத்துக்கு, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இரண்டு தூண் கூடுதலாக முளைக்கும். ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையிலும் பனியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருப்பேன். விடுதிச் சாப்பாட்டின் கொடுமையை நிறையவே கூட்டியிருப்பேன். ஆனால் அந்த விரல்கள்... அவற்றில் ஒரு நகத்தைக்கூட நான் கூட்டவில்லை. நடந்தது அப்படியேதான் நடந்தது.

1910, டிசம்பர். மாசசூசெட்ஸில் ஆற்றங்கரையோரம் ஒரு சின்ன ஊர். அங்கே ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. கிறிஸ்துமஸ் விடுமுறை என்று அமெரிக்கப் பையன்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் வீட்டுக்குப் போவதென்றால் பாதி உலகத்தைக் கடக்க வேண்டும். ஆகவே இரண்டு சீனர்கள் மட்டும் மிச்சம். ஒருவன் நான், மிங்ஷு, சூசோ ஊர்க்காரன், பதினாறு வயது. இன்னொருவர் காண்டனைச் சேர்ந்த லியாங் அண்ணன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்களுக்குச் சோறு போட விடுதிப் பொறுப்பாளர் மிஸஸ் டட்டில் இருந்தார். சோறு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அந்த அம்மாள் வேகவைத்த மாட்டிறைச்சியை வைத்து என் பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டிருக்கலாம்.

மதியம் தந்தி வந்தது. வாஷிங்டன் சீனத் தூதரகத்திலிருந்து மாணவர் கண்காணிப்பாளர் யாவ் ஐயா வருகிறார். மாலை ரயிலில் வந்து, இரவு ரயிலில் திரும்புகிறார். எங்கள் பின்னலைப் பார்க்க வருகிறார்.

சீனப் பேரரசரின் குடிமகன் ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு பின்னல் தொங்க வேண்டும். வெட்டினால் ராஜத்துரோகி. லியாங் அண்ணன் தன் பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். நான் வெட்டிவிட்டேன். கால்பந்து விளையாட்டில் எதிரணித் தடியன் ஒருவன் என் பின்னலைக் கோயில் மணிக்கயிறு மாதிரிப் பிடித்து இழுத்தான். அன்று மாலையே கத்தரிக்கோல். புத்தியுள்ளவர்கள் வெட்டிய பின்னலைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது தொப்பியில் தைத்துக்கொள்ளலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுதலை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, அதைக் கொதிகலன் நெருப்பில் போட்டேன்.

பிடிபட்டால் உதவித்தொகை நிற்கும். முதல் கப்பலில் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் அப்பா மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். மகன் ராஜத்துரோகி என்றால் அப்பாவின் வேலை போகும். வேலையோடு போனால் அதிர்ஷ்டம்.

லியாங் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. இப்ப அந்தப் பேச்சையே பின்னித் தொங்கவிட்டுக்க."

பிறகு அவரே வழியும் சொன்னார். மேல்மாடியில் பெட்டிகள் அடுக்கும் அறை இருக்கிறது. அங்கே மூலையில் சீன எழுத்து எழுதிய பழைய பெட்டி ஒன்று கிடக்கிறது. 'நிங்போ, தெங்' என்று அதில் இருக்கிறது. முன்னொரு காலத்தில் படித்தவன் எவனோ விட்டுப்போனது. உள்ளே ஒரு பின்னல் இருந்தாலும் இருக்கும். நீ போய்த் தேடு, நான் ரயில் நிலையத்துக்குப் போய் அவரை அழைத்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியின் மணி ஆற்றுப் பாலம் தாண்டும்வரை கேட்டது.

அப்போது மூன்றே முக்கால். அந்த ஊரில் டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும்.

மேல்மாடியில் முற்றத்தைப் பார்த்த வட்ட ஜன்னல் ஒன்று உண்டு. அந்த வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். பூட்டு இல்லை. மடித்த பட்டு அங்கி. துணிச் செருப்பு. அடியில் நீலத் துணியில் சுற்றிய ஒரு பின்னல்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. குதித்தும் இருப்பேன். ஆனால் கையில் எடுத்ததும் ஏதோ இடித்தது.

பழைய முடி காய்ந்து, நார் மாதிரி இருக்க வேண்டும். இது ஈரமாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது. இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்ததுபோல.

மேல்மாடிக் கூரை ஒழுகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுற்றியிருந்த துணி மட்டும் ஏன் காய்ந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை.

இன்னொரு சிக்கல். பின்னலின் நுனியில் வெள்ளைக் கயிறு. பெற்றவர்கள் இறந்தால்தான் நாங்கள் பின்னலில் வெள்ளை சேர்ப்போம். அதோடு யாவ் ஐயா முன்னால் போய் நின்றால், உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு நானே துக்கம் கொண்டாடியது போலாகும். அதை உருவினேன். உருவியதும் பின்னல் மொத்தமும் அவிழ்ந்துவிட்டது.

மேல்முனையைத் தொப்பியில் தைத்தேன். மடியில் வைத்துப் பின்னினால் தொப்பி நழுவிக்கொண்டே இருந்தது. அதனால் தலையில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கையைப் பின்னால் வளைத்துப் பின்னப் பார்த்தேன். தன் பின்னலைத் தானே பின்னிக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஆண்களுக்குக் கிடையாது. ஊரில் நாவிதர் பின்னுவார், இல்லை அம்மா. இங்கே நாங்கள் ஒருவருக்கொருவர் பின்னிக்கொள்வோம். என் கையில் அந்த முடி விலாங்கு மீனாக வழுக்கியது.

அப்போது படியில் காலடி கேட்டது.

சளக்... சளக்...

பனியில் நனைந்த பூட்ஸ் என்று நினைத்தேன். "வந்துட்டீங்களா அண்ணே? ரயில் வரலியா?"

பின்னால் வந்து நின்றார். என் கையிலிருந்து முடியை மெல்ல வாங்கிக்கொண்டார். பின்ன ஆரம்பித்தார்.

எனக்கு உயிர் வந்தது. லியாங் அண்ணன் பின்னினால் விறகுக் கட்டு கட்டுகிற மாதிரி இருக்கும். கழுத்து ஒரு வாரம் வலிக்கும். அன்று கை அவ்வளவு இதமாக இருந்தது. ஒவ்வொரு புரியையும் விரலால் நீவி, இறுக்கி, அடுத்ததைச் சேர்த்தார். பயத்தில் இருக்கிறேன் என்று பரிவு காட்டுகிறார் போலும் என்று நினைத்தேன்.

என் கழுத்துப்பட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

டொக்.

இன்னொன்று.

டொக்.

"அண்ணே, கை ஏன் இப்படி சில்லுனு இருக்கு?"

பதில் இல்லை. லியாங் அண்ணன் தூக்கத்தில்கூடப் பேசுகிறவர்.

அந்த அறையில் கணப்பு கிடையாது. நான் மூச்சு விட்டால் வெண்புகையாகத் தெரிந்தது. என் மூச்சு மட்டும்தான் தெரிந்தது. பின்னாலிருந்து புகை எதுவும் வரவில்லை...

கீழே மணிச்சத்தம். முற்றத்தில் பனி வண்டி வந்து நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வண்டியிலிருந்து லியாங் அண்ணன் இறங்கினார். கரடித்தோல் கோட்டு போட்ட ஒரு பெரியவரைக் கைகொடுத்து இறக்கினார். தலையைத் தூக்கி, ஜன்னலில் என்னைப் பார்த்து, கிடைத்ததா என்று கையால் கேட்டார்.

என் முதுகுக்குப் பின்னால்...

விரல்கள் நிற்கவில்லை.

நீவின.

இறுக்கின.

நுனியில் முடிச்சுப் போட்டன.

தோளில் இரண்டு தட்டு. வேலை முடிந்ததும் நாவிதர் தட்டுவாரே, அப்படி.

நான் திரும்பவில்லை. பக்கவாட்டாகவே ஓடினேன். என் பல் அடித்துக்கொண்ட சத்தம் பாஸ்டன்வரை கேட்டிருக்கும்.

கீழே யாவ் ஐயா கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அழவோ சொல்லவோ நேரமில்லை. கும்பிட்டு நின்றேன். என்னைத் திருப்பி நிறுத்தி, பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் தெறித்திருக்க வேண்டும்.

"நல்லா பின்னியிருக்கு. யாரு பின்னினது?"

"நண்பன், ஐயா."

அவர் என்னை மறுபடி தன் பக்கம் திருப்பி, என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து, ஒரு முறை தலையசைத்தார்.

லியாங் அண்ணன் அப்போது எனக்குப் பின்னால் இல்லை. எதிரே, கதவருகில் நின்றிருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். நீண்ட மேசை. எதிரே யாவ் ஐயா, அவர் பக்கத்தில் லியாங் அண்ணன், இந்தப் பக்கம் நான். எனக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலி. யாவ் ஐயா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அந்த நாற்காலிப் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுப்பா. ஏன் தொடாம இருக்கே?"

தன்னைத்தான் சொல்கிறார் என்று லியாங் அண்ணன் இரண்டு கிழங்கை வாயில் திணித்துக்கொண்டார். எனக்குக் கிழங்கு இறங்கவில்லை. இடது பக்கமாகச் சில்லென்று ஒரு காற்று. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

யாவ் ஐயா கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்கள்ல ஒருத்தன் பின்னலை வெட்டியிருக்கான். நான் பாத்துட்டேன்."

லியாங் அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

"வெட்டினவன் இன்னைக்கே என்கூடக் கிளம்பணும். முதல் கப்பல்ல ஊருக்கு."

முடிந்தது. அப்பாவின் முகம் கண்முன் வந்தது. அலுவலக வாசலில் அவர் மண்டியிடுவது போல வந்தது. நான் எழுந்தேன். நெற்றி தரையில் படும்படி விழப்போனேன்.

"ஐயா, எங்கப்பா..."

"நீ ஏன்டா எந்திரிக்கிறே? உக்காரு. உன்னைச் சொல்லல."

அவர் கண் என் இடப்பக்கத்து நாற்காலியில் இருந்தது.

"இவனைச் சொல்றேன்."



யாவ் ஐயா நெற்றியைச் சுருக்கினார். குரல் தாழ்ந்தது.

"தண்டனைன்னு சொல்றேன்... சிரிக்கிறான் பாரு."

கிறீச்...

காலி நாற்காலி பின்னால் நகர்ந்தது. உட்காரும் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

லியாங் அண்ணன் மேசைக்கடியில் என் காலை உதைத்தார். நானும் உதைத்தேன். வாயைத் திறக்க இருவருக்கும் துணிவில்லை. திறந்து என்ன சொல்வது? வெட்டியவன் நான்தான் என்றா?

ஏழு மணிக்கு யாவ் ஐயா கிளம்பினார். வாசலில் நின்று பார்த்தோம். வண்டியில் ஏறி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். கம்பளியைத் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த வெறும் இடத்தின் மேல் போர்த்தி, ஓரங்களைச் செருகிவிட்டார். குதிரை நிற்க மாட்டேன் என்று திமிறியது.

லியாங் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருடா அது?"

"தெரியல அண்ணே."

அன்று இருவரும் ஒரே கட்டிலில் படுத்தோம். ஓரத்தில் படுப்பது யார் என்று பெரிய சண்டை.

காலையில் மிஸஸ் டட்டிலிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். முப்பது வருஷத்துக்கு முன் அந்த அம்மாள் இங்கே சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த சிறுமி. தெங் பையனை நன்றாக நினைவிருந்தது. அவனுக்கு அப்பா இறந்த செய்தி வந்ததாம். மகன் போய்ச் சவப்பெட்டிக்கு முன் மண்டியிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். விடுப்புக் கேட்டான், கிடைக்கவில்லை. பின்னலை வெட்டியவனை உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றே வெட்டிக்கொண்டான். அடுத்த வாரம் கண்காணிப்பாளர் வருவதாக இருந்தது. அதற்குள் ஆற்றின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து, அவன் உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை.

"அதிகாரி வந்துட்டாரா, வந்துட்டாரான்னு தினமும் வந்து கேப்பான், பாவம்," என்றார் மிஸஸ் டட்டில். "நாங்க சிரிப்போம். திட்டு வாங்க யாராவது இப்படி அவசரப்படுவாங்களான்னு."

அடுத்த இலையுதிர் காலத்தில் புரட்சி வந்தது. பின்னல்கள் ஒழிந்தன. என் தொப்பியிலிருந்து அந்த முடியைப் பிரித்து, பழைய நீலத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அது காய்ந்து, நார் மாதிரி ஆகியிருந்தது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியபின், ஷாங்காயில் ஒரு தேநீர்க் கடையில் யாவ் ஐயாவைப் பார்த்தேன். பேரரசரும் போய், பதவியும் போய், பாவம், பறவைக் கூண்டு ஒன்றோடு உட்கார்ந்திருந்தார். அவராகவே ஆரம்பித்தார். அந்தப் பையனோடு கலிபோர்னியாவரை ஒரே ரயில் பெட்டியில் போனாராம். நிங்போ, தெங் என்று ஊரையும் பெயரையும் சொன்னதோடு சரி, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவரே கப்பலில் ஏற்றிவிட்டார். ஷாங்காயில் அவனை அழைத்துப்போக வந்த அதிகாரிகள், அப்படி யாரும் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அரசாங்கப் பிள்ளை காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே ஊர் திரும்பியதும் முதல் வேலையாக நிங்போவுக்குப் போய், தெங் வீட்டைத் தேடிப் பிடித்தார்.

அங்கேதான் அவருக்கு அது தெரிந்தது.

பையனின் உடல் கிடைக்காததால், தெங் வீட்டார் அந்தக் காலத்திலேயே அவனுடைய துணிமணிகளைச் சவப்பெட்டியில் வைத்து, அப்பாவின் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். நான் சொன்ன அந்தக் குளிர்காலத்துக்கு அடுத்த வசந்தத்தில் அவன் அம்மா இறந்தாள். அவளுக்கு இடம் வேண்டும் என்று அவன் சவப்பெட்டியைத் தோண்டினார்கள். துணி மட்டும் இருக்கும் பெட்டி. இரண்டு பேர் போதும் என்று இறங்கினார்கள்.

அசைக்க முடியவில்லை.

நான்கு பேர் இறங்கினார்கள். அப்போதும் அசையவில்லை. கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

"திறந்து பாத்தீங்களா?" என்று யாவ் ஐயா கேட்டிருக்கிறார்.

தெங் வீட்டு மூத்தவர் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாராம்.

"எதுக்குங்க திறக்கணும்?"