நிலாவில் இறந்தவருக்குத் திதி கேட்ட அக்கா

யோகேஸ்வரி அக்கா போய்விட்டார்.

பழைய ஒஃபிஸ் வட்ஸ்அப் குரூப்பில் காலையில் மெசேஜ். யாரோ போட்ட குட் மோர்னிங் ரோஜாப்பூவுக்குக் கீழே... இரண்டு தரம் வாசித்தேன்.

தெரியாதவர்களுக்கு: அக்கா சயன்ஸ் ஃபிக்‌ஷன் எழுதியவர். தமிழில். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளட் வீட்டில் இருந்துகொண்டு. அவருடைய நாவல்கள் எல்லாம் நிலாவில்தான் நடக்கும்.

பகலில் கொழும்புக் கோட்டையில் ஒரு ஷிப்பிங் ஒஃபிஸில் எனக்குப் பக்கத்து மேசை. சிங்கள ஸ்டாஃப் எல்லாரும் அவரை "ஹந்த அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஹந்த என்றால் நிலா. பகிடிக்கு வைத்த பெயர்... பிறகு மனேஜரே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

மற்ற எழுத்தாளர்கள் ஆட்களை விண்வெளியில் சண்டை பிடிக்க வைப்பார்கள். அக்காவின் கவலையெல்லாம் சமையல்.

ஒருநாள் சோற்றுப் பார்சலைப் பிரித்தவர், சாப்பிடாமல் பருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பழுதாகிவிட்டதோ என்று கேட்டேன்.

"இல்லையப்பா... அங்க நிலாவில காத்து அமுக்கத்தைக் குறைச்சுத்தான் வைச்சிருப்பினம். தண்ணி கெதியாக் கொதிச்சிடும், ஆனா சூடு காணாது. பருப்பு எப்பிடி அவியிறது?"

அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் நிலாக் குடியேற்றத்தின் முதல் கலவரமே வேகாத பருப்பால்தான் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். முடித்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இந்த மனுஷி உண்மையிலேயே அங்கே போய் இருந்துவிட்டு வருகிறாரோ என்று...

இன்னொரு நாள் கேட்டார்.

"திதி எண்டால் நிலா வளர்றதையும் தேயிறதையும் வைச்சுத்தானே பார்க்கிறது? அப்ப நிலாவிலேயே செத்தவருக்கு என்னத்தைப் பார்த்துத் திதி வைக்கிறது?"

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பின்னேரம் வெள்ளவத்தையில் ரயிலால் இறங்கி நேரே கோயிலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பார்க்காமல் விட மனம் வரவில்லை.

குருக்கள் ஐயா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டே கேட்டார், "ஆர் தவறினது?"

"இன்னும் ஒருத்தரும் தவறேல்லை ஐயா. இனி ஒரு நூறு வருஷம் கழிச்சு. நிலாவில."

ஐயா என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

அக்கா விளக்கமாகச் சொன்னார். ஐயா கோபிக்கவில்லை, யோசித்தார். "கடமை செய்யிற பிள்ளை எங்க நிக்குது? அந்த இடத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தாக் காணும்."

"பிள்ளை பிறந்ததே அங்கதான் ஐயா."

"அப்ப... அங்க நிண்டு பார்த்தா வானத்தில என்ன தெரியும்?"

"பூமி தெரியும். அதுவும் வளரும், தேயும். எங்களுக்கு அமாவாசை எண்டா அவைக்குப் பூமி முழுசா நிக்கும்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுசாவோ?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "அப்ப அந்தப் பிள்ளை பூமியைப் பார்த்துச் செய்யட்டும்" என்றார்.

வெளியே காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

இனிச் சொல்லப்போவது எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் திதி என்ற பேச்சே எடுப்பதில்லை. அண்ணா ஆஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறியவர். படகும் போய்ச் சேரவில்லை, செய்தியும் வரவில்லை. ஏதாவது ஒரு அமாவாசையில் செய்துவிடச் சொன்ன சொந்தக்காரரோடு அம்மா கதைப்பதையே விட்டுவிட்டார்.

அக்காவின் கடைசி நாவலில் ஒரு மகன் வாகனம் எடுத்துக்கொண்டு நிலாவின் மறுபக்கம் போகிறான். திரும்பி வரவில்லை. தாய் அவனுக்குத் திதி வைக்கமாட்டேன் என்று நிற்கிறாள்.

யாரைப் பார்த்து எழுதியது என்பதை அக்கா மறைக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்க முதல் அந்த அத்தியாயத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, இதை வாசிக்கிறன். வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டால், புத்தகத்தையே விட்டிடுறன்."

வருடக்கணக்காக எழுதிய நாவல்... அம்மா வேண்டாம் என்றால் அக்கா நிச்சயம் விட்டுவிடுவார். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பக்கம் ஒரே இருட்டோ பிள்ளை?"

"இல்லை அம்மா. கன பேர் அப்பிடித்தான் நினைக்கிறவை. அங்கயும் நல்லா வெயில் வரும். பூமிதான் தெரியாது. அங்க நிக்கிறவர் எங்களைக் காணேலாது, நாங்கள் அவரைக் காணேலாது. அவ்வளவுதான்."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"அப்ப பிள்ளை இருட்டில இல்லை..."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடு. புத்தகத்தைப் போடு" என்றார்.

அண்ணா போன பிறகு அம்மா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அக்கா பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன மனுஷி! இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அண்ணாவுக்குப் பிறகு அம்மா எந்தச் செத்தவீட்டுக்கும் போனதில்லை. போனால் யாராவது அண்ணாவைப் பற்றிக் கேட்பார்கள். நாங்களும் கூப்பிடுவதில்லை.

இன்று காலை செய்தியைச் சொல்லிவிட்டு நான் தனியாகத்தான் வெளிக்கிட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினால், அம்மா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு கதவடியில் நிற்கிறார்.

"ஓட்டோவைப் பிடி. நானும் வாறன்."

ஓட்டோவுக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். ட்ரஃபிக்...

கொஞ்சம் பொறுத்துப் போங்கள் அக்கா. அம்மாவும் வருகிறார்.