கையைக் காட்டுங்க மாமா

போன வாரம் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் பொண்ணு. முகத்தில் மாஸ்க், கண் கம்ப்யூட்டரில். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது. "ஆச்சும்மா" என்று சொல்லி, வலது கையை அதன் மூக்குக்கு நேராக நீட்டிவிட்டேன். அது கையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் நின்றவரையும் பார்த்தது. எனக்கே திகைப்புதான். ஏன் நீட்டினாய் என்று கேட்டால் அங்கே நின்று என்னத்தைச் சொல்ல? உங்களிடம் சொல்லலாம்.

கையில் இருந்தது சாம்பார் வாசம். அது வந்தால் அருப்புக்கோட்டையில் அந்தப் பழைய வார்டும் கூடவே வந்துவிடும்.

நான் தறிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எம்.ரெட்டியபட்டியில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர் முத்துராசு மச்சானுக்குப் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்தின காலில் புண் ஆறவில்லை. சர்க்கரை என்று படுக்கப் போட்டுவிட்டார்கள். துணைக்கு நான். சாப்பாடு அக்கா கையோடு பஸ்ஸில் வரும். கடை இட்லியை மச்சான் தொடமாட்டார். "ரெட்டியபட்டிக்கு எறிஞ்சாலும் உடையாது" என்பார்.

காலையில் இன்சுலின் ஊசி போட ஒரு சிஸ்டர் வரும். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். எல்லாருக்கும் பஸ்ஸில் சோறு வருகிற ஊர், பஸ்ஸை நம்பி ஊசி போட முடியுமா? அதனால் சாப்பிட்டாச்சா என்று கேட்டு, ஆச்சு என்றால்தான் போடும். முதலில் எல்லாம் மச்சான் ஒழுங்காக, "இன்னும் இல்ல சிஸ்டர், பஸ்ஸு வரல" என்றுதான் சொன்னார். அதுவும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்.

வினை எங்கே வந்தது என்றால், ஒருநாள் பேச்சுவாக்கில் அந்தப் பிள்ளை மல்லாங்கிணறு என்று தெரிந்துவிட்டது. மச்சானுக்கு அம்மா ஊர். எந்தத் தெரு, யார் மகள் என்று இழுத்து இழுத்து, கடைசியில் மாமா முறை வந்து நின்றது. அன்றிலிருந்து சிஸ்டர் போய் 'பிள்ளை' வந்தது. எங்கள் எல்லாருக்கும் ஏகப்பட்ட சந்தோசம்.

மறுநாள் பஸ் நேரத்துக்கு வரவில்லை. என்ன ஆச்சோ என்று நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். ஒருவழியாக அக்கா இறங்க, தூக்குவாளியோடு வார்டுக்கு வந்தால், மச்சான் வேர்த்து நனைந்து கிடக்கிறார். என்னைப் பார்த்து, "மாட்ட அவுத்துட்டியாலே?" என்கிறார். மாடு விற்று எத்தனையோ காலம். அக்காவை யாரென்றே தெரியவில்லை. அக்கா தூக்குவாளியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நிற்கிறாள். அந்தப் பிள்ளை அவர் நரம்பில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து, சாப்பிடாத ஆளுக்கு ஊசி போட்டது யார் என்று சத்தம் போட்டார். வேலைக்கே உலை என்று அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. அதற்குள் மச்சானுக்குத் தெளிந்துவிட்டது.

"அது கேட்டுச்சுய்யா. நாந்தான் ஆச்சுன்னேன்."

ஏன் பொய் சொன்னீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, மச்சான் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"நம்ம பிள்ள சாப்பிட்டீகளான்னு கேக்கையில, இல்லைன்னா சொல்லுவாக?"

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் உறவுக்காரர் வாசலில் அப்படிக் கேட்டால் ஆச்சு என்பதுதான் பதில். இல்லை என்றால் அந்த வீட்டில் உலை வைக்கச் சொன்ன மாதிரி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். மச்சானுக்குப் பத்தும் பறந்தது, அந்த மரியாதை மட்டும் பறக்கவில்லை.

டாக்டர் போன பிறகு அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "நான் வெறும் சிஸ்டராவே இருந்திருந்தா இல்லைன்னு சொல்லிருப்பீகல்ல மாமா?"

மச்சான் அக்கா பக்கம் திரும்பி, தூக்குவாளியைத் திற என்றார். எனக்கு இன்றுவரை அதில் குழப்பம்தான். அன்னியமாக இருந்தபோது உண்மை சொன்னார், சொந்தமானதும் பொய் சொன்னார். நோயாளியிடம் ஒட்டிப் பழகணும் என்கிறார்களே, எவ்வளவு ஒட்ட?

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாயை நம்பவில்லை. "கையக் காட்டுங்க மாமா" என்று சொல்லி, குனிந்து மோந்து பார்க்கும். சாம்பார் வாசம் வந்தால்தான் ஊசி. மச்சானை மட்டும் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது என்று வார்டு முழுக்க மோந்தது. பக்கத்துக் கட்டில் பாய் காலையிலேயே அத்தர் பூசிக்கொள்வார். ஊசி முடிகிற வரைக்கும் அத்தர் கூடாது என்று அவருக்கு உத்தரவு. "கல்யாண வீட்டுப் பன்னீருக்கு நீட்டுற மாதிரில்ல நீட்டுறோம்" என்று அவர் சிரிப்பார். ஊசிக்காரப் பிள்ளை வந்தால் தானாகக் கை நீளும். புண் ஆறி, மச்சான் இரண்டு காலோடு ஊர் திரும்பினார். அதன்பிறகு சர்க்கரை எனக்கு வந்தது, அந்தப் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது போல.

போன வாரத்துக்கு வாரேன்.  அந்தப் பொண்ணு ஏதோ புரிந்த மாதிரி தலையை ஆட்டி, மேசையிலிருந்த சானிடைசரை எடுத்து என் உள்ளங்கையில் இரண்டு தரம் அமுக்கிவிட்டது. "நல்லா தேச்சுக்கோங்க சார்."

தேய்த்துக்கொண்டேன். வெளியே வந்து மோந்து பார்த்தேன். சில்லென்று ஸ்பிரிட் வாசம். நான் சாப்பிட்டதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.