முத்துப்பிரியாவின் ஸ்டிக்கர்

சிலமலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் சூர்யகலா டீச்சருக்கு ஒரு குணம். எது காணாமல் போனாலும் 'எங்கே போச்சு' என்று கேட்கமாட்டார். 'யார் எடுத்தது' என்றுதான் கேட்பார். போடியிலிருந்து பஸ்சில் வரும்போதும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடிதான் வருவார்.

ஸ்மார்ட் போர்டு வந்த வருடம் முத்துப்பிரியா திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றாள். பக்கத்தில் உட்காரும் பவித்ராவைக் கூப்பிட்டு அதட்டியதும் விஷயம் வெளியே வந்தது.

"அவ படத்த வாட்ஸ்அப்புல ஸ்டிக்கராக்கி எல்லாரும் அனுப்புறாங்க டீச்சர்."

சாயங்காலம் பவித்ராவின் அம்மா போனிலிருந்து அது டீச்சருக்கும் வந்தது. போர்டு முன்னால் வாயைத் திறந்தபடி முத்துப்பிரியா. கீழே 'ஏலக்கா மூட்டை' என்று எழுதியிருந்தது. அவள் அம்மா ஜக்கம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள்.

பள்ளிக்குள் போன் கொண்டுவரக் கூடாது. அப்படியென்றால் யாரோ ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். டீச்சரின் கண் அதே வகுப்பு ஜெகதீஷ் மேல் விழுந்தது. போர்டு நின்றுபோனால் சரிசெய்கிறவன், போனும் நோண்டத் தெரிந்தவன் அவன்தான். மறுநாள் எல்லோர் முன்னாலும் அவன் பையைக் கவிழ்த்தார். புத்தகமும் டிபன் பாக்ஸும்தான் விழுந்தன.

அவன் அப்பா காசிராஜன் பள்ளிக்கே வந்துவிட்டார்.

"வகுப்புல இத்தன பிள்ளைக இருக்கையில, எம்மகன் பையத்தான் கொட்டணுமா டீச்சர்? போனு நோண்டத் தெரிஞ்சவனெல்லாம் களவாணியா?"

டீச்சர் வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் மேசை தெரிந்தது. மேசைமேல் அவருடைய கைப்பையின் வார். அவர் நாற்காலி பக்கம் நின்றால்தான் அப்படித் தெரியும். அங்கே அவரைத் தவிர வேறு யாரும் நிற்பதில்லை.

டிஜிட்டல் வகுப்பு நடந்ததற்குச் சாட்சியாக அவரே எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்ட படம். அதிலிருந்துதான் யாரோ வெட்டியிருக்கிறார்கள். பிள்ளையா, அண்ணனா, இல்லை ஒரு தாயா, தகப்பனா? குழுவில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் அந்நியமாகத் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் ஜெகதீஷிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சாயங்காலம் முத்துப்பிரியா வீட்டுக்குப் போனார். ஜக்கம்மாள் அப்போதுதான் ஜீப்பை விட்டு இறங்கி வந்திருந்தாள்.

"படத்த எடுத்தது நான்தான்க்கா. வெட்டுனது யாருன்னு தெரியல," என்றார்.

ஜக்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்பிள்ளய எதுக்கு டீச்சரு படம் பிடிச்சீக? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

கதவுக்குப் பின்னாலிருந்து முத்துப்பிரியா சொன்னாள்: "நீங்க வகுப்புல போனை வெளிய எடுக்க மாட்டேன்னு சொன்னா வர்றேன்."

வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் குழுவில் எச்சரிக்கை போட்டதும் ஸ்டிக்கர் வருவது நின்றது. செய்தது யார் என்பது மட்டும் தெரியவே இல்லை. டீச்சர் இப்போது போர்டை மட்டும்தான் படம் பிடிக்கிறார், அதுவும் பிள்ளைகள் வெளியே போன பிறகு. பெற்றோர் கூட்டத்தில் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவராக இருக்குமோ என்று அவர் மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.