வலை அலமாரியில் ஒரு பச்சோந்தி

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது ஆடி அது. அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை எடுத்துக் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரரின் மனைவி மட்டும் இருந்தார். அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆச்சியின் கணவர் மெட்ராசில் வியாபாரம் பார்த்துக்கொண்டு, விசேஷத்துக்கு மட்டும் வந்து போவார். நான் கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். என் மனைவி குன்றக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கொல்லையில் வேம்பின் பெரிய கிளை ஒன்று காற்றில் முறிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவள் விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காக்காய்களை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்குட்டு வாங்க. காலடியப் பாத்து வாங்க.”

இலைக் குவியலுக்குள் ஒரு பச்சோந்தி. உடம்பு கறுத்து, வாயைத் திறந்து எங்களைப் பார்த்துச் சீறியது. முன்னங்கால் ஒன்று கிளைக்கடியில் மாட்டி வீங்கியிருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பிராணி மேல் ஒரு அருவருப்பு. இரண்டு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அவள் கிளையைத் தூக்கி, ஒரு குச்சியை அதன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அது யோசித்து யோசித்துக் குச்சியில் ஏறியது. வீங்கிய காலால் மட்டும் பிடிக்க முடியவில்லை. நழுவிக்கொண்டே இருந்தது.

“மரத்துல விட்டா விழுந்துரும். கீழ விட்டா காக்கா கொத்திரும். கால் சரியாகுற வரைக்கும் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்” என்றாள்.

“எதுல வைப்ப?”

“ஒங்க ஸ்டுடியோவுல பழைய கண்ணாடிப் பெட்டி கெடக்குன்னு சொன்னீகள்ல?”

வாசலில் படங்களை அடுக்கி வைக்கிற பெட்டி அது. முதலாளியிடம் கேட்டு அன்று சாயங்காலமே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் விட்டதும் பச்சோந்தி முன்னைவிட மோசமாகக் கறுத்தது. உடம்பைத் தட்டையாக்கி விரித்து, கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்தது. மறுநாளும் அப்படியே. எங்களைக் கண்டு பயப்படுகிறது என்று நான் சொன்னேன். அவள் அதன் எதிரில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் ஒரு துணியை எடுத்துவந்து ஒரு பக்கக் கண்ணாடியை மூடினாள். அந்தப் பக்கம் திரும்பியதும் அதன் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

“அது நம்மளப் பாத்து மிரளலங்க. உள்ள இன்னொண்ணு இருக்குதுன்னு நெனைச்சு சண்டைக்கு நிக்குது.”

கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தோடு சண்டை போட்டே அது செத்துவிடும் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கே அவள் அப்பா சீராகக் கொடுத்த வலை அலமாரியைக் காலி செய்தாள். சோறு, குழம்பு, பால் எல்லாம் பூனைக்கும் ஈக்கும் பயந்து அதற்குள்தான் இருக்கும். கம்பி வலை அடித்த கதவு. நல்ல காற்றோட்டம்.

“அப்ப நம்ம சோத்தை எங்க வைக்கிறது?” என்றேன்.

“உறி கட்டிக்கிருவோம்.”

நடுத்தட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு தொட்டியில் செம்பருத்திச் செடியை இறக்கினாள். குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகளைக் கட்டினாள். குச்சி பொறுக்குவதற்கே அரை நாள் ஆயிற்று. பருத்த குச்சியில் அதன் கை பிடி கொள்ளாது. மெலிந்த குச்சி அது ஏறியதும் ஆடும். காலையில் முற்றத்து வெயில் அலமாரியின் ஒரு பாதியில் விழும்படி அதை நகர்த்தி வைத்து, மறு பாதியின் மேல் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள். வெயில் வேண்டுமென்றால் இங்கே, வேண்டாமென்றால் அங்கே. எது வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவள் எண்ணம். காலையில் அது வெயில் பக்கம் வந்து ஒரு விலாவை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். வெயில் பட்ட விலா கறுத்திருக்கும், மறுபக்கம் பச்சையாகவே இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு நிறம். அதைப் படம் பிடித்து ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாம் சாம்பல். அன்றைக்குத்தான் என் தொழில் எவ்வளவு சின்னது என்று தோன்றியது.

தீனி அடுத்த பாடு. செத்த பூச்சியைப் போட்டால் திரும்பியும் பார்க்காது. அசைய வேண்டும். அவள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பக்கத்துப் பொட்டலுக்குப் போய்ப் புல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கிற வெட்டுக்கிளிகளைப் பிடித்து வருவாள். அவற்றை ஒரு பானையில் போட்டு, வாயில் துணி கட்டி, தின்னப் புல்லும் கீரையும் போட்டு வைப்பாள். பட்டினி கிடந்த பூச்சியைத் தின்றால் இதுக்கும் பட்டினிதானே என்பாள். பெரிய வெட்டுக்கிளி என்றால் முள் இருக்கிற பின்னங்காலை எடுத்துவிட்டுத்தான் விடுவாள்.

முதல் தடவை அது தின்றதைப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டு திசையில் சுழன்றுகொண்டிருந்த கண்கள் ஒன்றாகத் திரும்பி வெட்டுக்கிளியின் மேல் நின்றன. காற்றில் இலை ஆடுவதுபோல முன்னும் பின்னும் ஆடி ஒரு அடி வைத்தது. வாய் மெல்லத் திறந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். அடுத்து அது மென்றுகொண்டிருந்தது. “நாக்கப் பாத்தீகளா?” என்றாள். பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டேன். அன்று ஸ்டுடியோவுக்குப் பிந்தித்தான் போனேன்.

தீனி தின்றாலும் அதன் கண்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது தொடவே இல்லை. வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பியது. ஒருநாள் அவள் செம்பருத்திக்குத் தண்ணீர் தெளித்தபோது இலையில் ஒரு சொட்டு உருண்டது. அது மெல்ல வந்து அந்தச் சொட்டை நக்கியது. பிறகு அடுத்த சொட்டை. அவள் என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் ஏதோ விபத்து என்று நினைத்து ஓடினேன். அன்றே ஒரு பால்பவுடர் டின்னின் அடியில் ஊசியால் துளை போட்டு அலமாரிக்கு மேலே வைத்தாள். சொட்டு சொட்டாக இலையில் விழும். அது வந்து நின்று ஆற அமரக் குடிக்கும். கொஞ்ச நாளில் கண்கள் உருண்டு வெளியே வந்துவிட்டன.

இதெல்லாம் ஆச்சிக்குத் தெரிந்தபோது பின்கட்டுக்கு விறுவிறுவென்று வந்தார்.

“ஏத்தா, வீட்டுக்குள்ள பச்சோணான் வச்சிருக்கியாமே? துப்புனா கண்ணு அவிஞ்சுபோகும். மொதல்ல அதத் தூக்கி வெளிய போடு.”

இவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு மணைப் பலகையை எடுத்துப் போட்டாள். “சரிங்க ஆச்சி. அதுக்கு முந்தி செத்த நேரம் ஒக்காருங்க. இப்ப அதுக்குத் தீனி வைக்கிற நேரம்.”

ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டுக்கிளி மறைந்தபோது தலைப்பு தானாக இறங்கியது. “எங்கத்தா போச்சு?” என்று கேட்டவர், இன்னொன்று விடச் சொன்னார். அதன் பிறகு வெளியே போடச் சொல்லவில்லை. தினமும் காலையில் வந்து, “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவார். கிட்டத்தில் மட்டும் வரமாட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பச்சோந்தி திடீரென்று தின்பதை நிறுத்திக்கொண்டது. கால் ஆறிவிட்டிருந்தது, ஆனாலும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கீழே இறங்கி அலமாரியின் அடிப்பலகையைப் பிராண்டும். ஏறும், விழும், மறுபடி பிராண்டும். பச்சையில் மஞ்சள் திட்டுக்கள் எழும்பியிருந்தன.

“செத்துக் கித்துப் போறதுக்குள்ள மரத்துல விட்ருவோம்” என்றேன்.

அவள் அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “இது வெளிய போகத் தேடலங்க. வெளிய போறதுன்னா கதவைப் பாக்கும், மேல பாக்கும். இது கீழயே பாக்குது. மண்ணத் தேடுது.” கையை உள்ளே விட்டு அதன் வயிற்றை விரலால் மெதுவாகத் தடவினாள். “புளியங்கொட்டை மாதிரி உருண்டை உருண்டையாத் தட்டுப்படுது. முட்டைங்க!”

அதுவரை அது ஆணா பெண்ணா என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆச்சி ஒரு பழைய இரும்பு அண்டாவைக் கொடுத்தார். நான் மழையில் நனைந்துகொண்டு ஓடையிலிருந்து மணல் அள்ளி வந்தேன். அவள் அதைச் சலித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கிற பதத்துக்குக் கொண்டுவந்தாள். நடுவில் முஷ்டியால் ஒரு குழி அமுக்கி, பச்சோந்தியை அதன் ஓரத்தில் விட்டாள். தன் பழைய சேலையைச் சுற்றிலும் திரையாகக் கட்டினாள். “யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. ஆளப் பாத்தா பாதியில விட்டுரும்.” திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அது அவளுக்கு மட்டும். நானும் ஆச்சியும் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பகல் முழுக்க அது தலைகுப்புறத் தோண்டியது. வால் மட்டும் வெளியே தெரிகிறது என்றாள். பிறகு வாலும் தெரியவில்லை என்றாள். சாயங்காலம் அது திரும்பித் தலையை மேலே காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. பிறகு மண்ணைத் தள்ளி மூடி, கைகளால் தட்டித் தட்டி மட்டம் செய்துவிட்டு வெளியே வந்தது. ஒரு காலிப் பை மாதிரி ஒட்டிப்போயிருந்தது. தலையெல்லாம் மணல். எடுத்துச் செம்பருத்தியில் விட்டதும் டின்னுக்குக் கீழே நின்று குடித்துக்கொண்டே இருந்தது. ஆச்சி, “பெத்த உடம்பு, பாத்துக்கத்தா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பார்த்துக்கொண்டாள். நிறையத் தீனி போட்டுத் தேற்றினாள். மழை விட்டு, குச்சியை நாலு காலாலும் இறுக்கிப் பிடிக்கிறது என்று நிச்சயமான பிறகு கொல்லை வேம்பில் கொண்டுபோய் விட்டாள். அது அவசரமே இல்லாமல் ஏறியது. அது இலைக்குள் மறைகிற வரை கம்பும் கையுமாகக் காக்காய்க்குக் காவல் நின்றாள். அன்று உலையில் சோறு தீய்ந்துபோனது. தீய்ந்த சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

அண்டா அறை மூலையில் கூடையால் மூடிக் கிடந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. அவள் மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தாள். ஓரமாகக் கிளறிப் பார்த்து, பூசணம் பிடித்த முட்டைகளை எடுத்துப் போட்டாள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. “மண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்க” என்றேன். “ஊத்துறது நான்தான, ஒங்களுக்கு என்ன?” என்றாள்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்த மறுநாள் காலை. கூடையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மணல் அங்கங்கே பிளந்திருந்தது. அண்டாவின் உள்பக்கம் எங்கும் தீக்குச்சி நீளம்கூட இல்லாத குஞ்சுகள். ஒவ்வொன்றும் முழுப் பச்சோந்தி. அதே சுழல் கண், அதே சுருள் வால், அதே ஆடி ஆடி வைக்கிற அடி. ஒன்று என் விரலைப் பார்த்துச் சீறியது. அந்த அளவு உடம்பில் அவ்வளவு வீறாப்பு. அருவருப்பு என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. விரலை நீட்டி ஏற்றிக்கொண்டேன். ஆச்சி வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் ஒரே எடத்துல விட்றாதீக, ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும்” என்றார். அதை இவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

குஞ்சுகளை இலை போட்ட கூடையில் எடுத்துக்கொண்டு, அமராவதிபுதூர் போகிற ரோட்டோரம் நடந்தோம். மழைக்கு ஆவாரஞ்செடிகள் தழைத்திருந்தன. நான் முன்னால் போய்க் கிளையை விலக்குவேன். அவள் செடிக்கு ஒன்றாக விடுவாள். எறும்புப் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவாள். டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மாள் கேட்டார்.

“என்னத்தா, வெயிலுக்குள்ள என்னத்தத் தேடுறீக?”

“தேடலத்தா. விட்டுட்டுப் போறோம்” என்றாள் என் மனைவி.

கடைசிக் குஞ்சு அவள் கட்டைவிரலிலிருந்து இறங்க மாட்டேன் என்றது. ஒரு கண் அவளைப் பார்த்தது, ஒரு கண் செடியைப் பார்த்தது. பஸ் வந்தது, அந்த அம்மாள் ஏறிப் போனார். இவள் கையை அசைக்காமல் நீட்டியபடியே நின்றாள். வெகுநேரம் கழித்து அது ஒரு கையைத் தூக்கிக் காற்றில் துழாவி, ஆவாரங்குச்சியைப் பிடித்துக்கொண்டு போனது.