மூன்று கை மாறிய வெள்ளைக் கார்

அந்தக் காரை நாங்கள் வாங்கியபோது அதற்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அதை வைத்திருந்தார்கள். கடைசியாக வைத்திருந்தவர் சாத்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார். சாவியை என் கையில் கொடுக்கும்போது, "தம்பி, இது நல்ல வண்டி. ஆனா இதுக்கிட்ட அவசரம் காட்டக்கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இடப்பக்கப் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பதையும், எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் வெயிலானாலும் மழையானாலும் நடுவிலேயே நிற்கும் என்பதையும் நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம்.

காரில் போகிற ஆள் இல்லை நான். பத்தாம் வகுப்போடு பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன். கொஞ்ச காலம் கம்பெனியின் லோடு வண்டி ஓட்டினேன். பிறகு வெடிமருந்து கலக்கும் மருந்து அறைப் பக்கம் போய், இப்போது போர்மேனாக இருக்கிறேன். தினமும் கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும்; ஏறிக்கொள்வேன். என் மனைவி நர்ஸ். வெம்பக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். சிவகாசியிலிருந்து ஏழு மணி டூட்டிக்கு அவள் போய்க்கொண்டிருந்த காலை பஸ்ஸை அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் நர்சுகள் தங்குகிற குவார்ட்டர்ஸில் ஓர் அறை காலியாக இருந்தது. பெண்கள் மட்டும் தங்குகிற இடம். அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்வரலாமே என்று தலைமைக் கன்னியாஸ்திரியான மதர் கேட்டாராம். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி இதை என்னிடம் சொன்னபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கீரையைப் பார்த்தேன்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல வேண்டிய சின்ன வார்த்தை. அதைச் சொல்லத் தெரியாமல் ஒரு கார் வாங்கினேன்.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள் சுற்றிவந்து பார்த்தாள். "இது அம்புட்டுத் தூரம் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும்."

"நான் போய்ச் சேந்தாத்தான் ராத்திரி டூட்டிக்காரி வீட்டுக்குக் கிளம்ப முடியும். நடுவழியில ஒரு நாள் நின்னுச்சுன்னா, அன்னைக்கே நான் குவார்ட்டர்ஸுக்குப் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். வண்டி நின்றால் அவள் போய்விடுவாள். அன்றிலிருந்து அந்தக் காரின் ஒவ்வொரு சத்தத்தையும் இந்த நினைப்போடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குக் கிளம்புவோம். வண்டியைத் தொடுமுன் கதவின் இரும்பில் உள்ளங்கையை ஒரு கணம் பதித்து எடுப்பேன். மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே காலெடுத்து வைப்போம். அந்தப் பழக்கம் காரிடமும் வந்துவிட்டது. அவள் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொள்வாள். சாவியைத் திருப்பினால் முதல் தடவை இருமும். இரண்டாம் தடவை பிடிக்கும். பனி இறங்கிய நாளில் மூன்றாம் தடவை. 

ஊர் தாண்டியதும் வெளிச்சம் இன்னும் முழுசாக வந்திருக்காது. தரிசுக் காடுகளின் மேல் மஞ்சு பனிமூட்டமாய்ப் படுத்திருக்கும். தூரத்தில் தனித்தனியாக நிற்கும் பட்டாசு அறைகள் தரையில் முளைத்த வெள்ளைப் பெட்டிகள் போலத் தெரியும். பக்கத்தில் போகுமுன் மஞ்சு மூடி மறைந்துவிடும். கண்ணாடியில் படியும் ஈரத்தை அவள் முந்தானையால் துடைத்துவிடுவாள். ரேடியோ வேலை செய்யாது. சக்கரத்தின் சத்தம் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். தூக்கம் முழுசாகக் கலையாத நேரம். கண் திறந்திருந்தும் கனவுக்குள் போய்க்கொண்டிருப்பது போல இருக்கும்.

அந்தக் காரில்தான் நான் பேசத் தொடங்கினேன். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதுமே முடிந்ததில்லை. காரில் இரண்டு பேரும் ஒரே பக்கம், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வசதியாக இருந்தது. பச்சை நிறம் கொடுக்கும் மருந்தைவிட நீலம் கொடுக்கும் மருந்து கோபக்காரன் என்று சொன்னேன். கல்யாணமான புதிதில் அவளுடைய அப்பாவிடம் பேசப் பயந்து கொல்லைப்பக்கமே போய் நின்றிருந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா உங்களைக் கோபக்காரருன்னு நெனச்சுப் பயந்து, அவரு முன்வாசல்லயே உக்காந்திருந்தாரு" என்றாள். இருபத்தாறு வருஷம் கழித்து, வெம்பக்கோட்டை அணைப் பக்கத்து வளைவில், இது எனக்குத் தெரியவந்தது.

அணையின் தண்ணீர் வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்கும். 

வழியில்தான் என் கம்பெனி. அதைத் தாண்டிப் போய் அவளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்துவேன். திரும்பி வர அவளுக்கு மூன்று மணி பஸ் உண்டு.

சிவகாசியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவரும் இதே கார்தான் வைத்திருக்கிறார், எங்களுடையதைவிட இரண்டு வயது மூத்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்.

"அண்ணாச்சி, இந்த வண்டி பொய் சொல்லாது. கோளாறு வர்றதுக்கு ஒரு வாரம் முந்தியே நமக்குச் சொல்லிரும்."

"சூட்டு முள்ளு மட்டும் பொய் சொல்லுதே."

"அது வண்டி சொல்லுற பொய்யில்ல அண்ணாச்சி, ஒயரு சொல்லுறது. மாத்திருவமா?"

"பிறகு பாக்கலாம்."

பிறகு பார்க்கலாம் என்றதற்குக் காரணம் இருந்தது. வண்டி ஒரு நாள் பட்டறையில் நின்றாலும், அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை; வேன் கம்பெனியோடு நின்றுவிடும், டிரைவரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறந்திருந்த மார்கழியில், கார் நின்ற இடத்தில் ஒரு நாள் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது. தொட்டு மோந்தேன். பச்சையாக, இனிப்பு வாசனையோடு இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர். எங்கள் ஊரில் பழைய காலண்டர் தாளுக்குப் பஞ்சமில்லை. பெரிய தாள் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு வண்டிக்கு அடியில் விரித்தேன். விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். நாலு சொட்டு. மறுநாள் ஏழு. பிறகு எண்ண முடியவில்லை. அவள் எழுந்து வருமுன் தாளை மடித்து விறகுக்குள் செருகிவிட்டு, ரேடியேட்டரில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவைப்பேன். வண்டி எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்த நாள் மஞ்சு வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அணைப் பக்கம் ரோடு லேசாகச் சரிந்து இறங்கும். அவள் ஏதோ ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்தால் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாராம். நான் சிரித்தேன். அப்போது முன்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக எழும்பியது. வெளியே இருந்த மஞ்சு காருக்குள் வந்துவிட்டதுபோல எல்லாம் வெளுத்தது.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. என் உடம்புக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. எங்கள் அறைகளில் வேலைக்குச் சேரும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: சத்தம் கேட்டால், புகை தெரிந்தால், பக்கத்து வாசல் வழியாக ஓடு, யாரையும் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே, தூரத்தில் போய்க் குப்புறப் படு. நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நினைவு வந்தபோது கரிசல் மண்ணில் முகம் வைத்துப் படுத்திருந்தேன். இரண்டு கையும் தலைக்கு மேல் இருந்தன. சட்டையெல்லாம் கருவேல முள். வெடிக்கும், வெடிக்கும் என்று காத்திருந்தேன். எங்கோ ஒரு காடை கூப்பிட்டது. பிறகு அதுவும் இல்லை. அந்த வெண்மையில் ரோடும் இல்லை, காரும் இல்லை. நான் மட்டும் ஏதோ ஒரு நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காரில் இருந்தாள்.

திரும்பி ஓடினேன். கார் நான் விட்ட இடத்தில் இல்லை. சரிவில் இறங்கி, ரோட்டோரக் கல்லுக்கு இரண்டடி முன்னால் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் கரை, கீழே தண்ணீர். அவள் கதவருகே நின்றாள். கையில் சாவி. நான் எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி ஓடியிருக்கிறேன். உருண்ட காரில் எட்டி, கை பிரேக்கைப் பிடித்து இழுத்து, சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறாள்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.  என் நெற்றி மண்ணை முந்தானையால் தட்டிவிட்டாள். 

கொஞ்ச நேரத்தில் எங்கள் கம்பெனி வேன் வந்தது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் குளிர்காய்ச்சலா?" என்றாள் ஒருத்தி.

"இல்லடீ, அண்ணாச்சி காலங்காத்தால இட்லி அவிக்காரு" என்றாள் இன்னொருத்தி. வேன் முழுக்கச் சிரித்தது.

"சட்டையில எதுக்கு இம்புட்டு முள்ளு?" என்று டிரைவர் கேட்டார்.

 "தண்ணி இருக்கான்னு பாக்கக் காட்டுக்குள்ள போனாக" என்றாள் என் மனைவி. வலப்பக்கம் அணை நிறையத் தண்ணீர் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்புவதாக டிரைவர் சொன்னார். அவள் ஏறிப் போய்விட்டாள்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார். "ரேடியேட்டர் அடிக்குழாய் கிழிஞ்சிருக்கு. பழைய ரப்பர். எஞ்சினை உடனே அணைச்சதாலதான் தப்பிச்சுது அண்ணாச்சி, இல்லன்னா சூட்டுல எஞ்சின் ஹெட்டே போயிருக்கும். நல்ல வேலை செஞ்சீக."

"எங்க வீட்டுக்காரம்மாதான் அணைச்சாக."

"அப்ப நீங்க எங்கன இருந்தீக?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கயிற்றைக் கட்டப் போய்விட்டார்.

அன்று கம்பெனிக்கு லீவு சொன்னேன். மூன்று மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். நின்ற வண்டிக்காக அவள் என்னை விட்டுப் போனால் தாங்கிக்கொள்வேன். ஓடிய எனக்காகப் போனால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவள் வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ஆட்டுக்கிடை போட்டிருந்த காடு. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"உன்னை விட்டுட்டு ஓடிட்டேன்" என்றேன்.

"ம்."

"வேணும்னு இல்ல."

"தெரியும்." பையை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். "தீக்காயம் பட்டு எங்ககிட்ட வர்றவக எல்லாம் யாருன்னு நெனைக்கீக? பாதிப் பேரு வெளிய ஓடி வந்துட்டு, கூட இருந்தவளைக் கூப்பிடத் திரும்பப் போனவக. நான் எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருக்கேன். கம்பெனியில ஏதாச்சும்னா உங்களை ஓடச் சொல்லித்தான் தினமும் சிலுவை போட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு ஓடுனீக. அதை எப்படித் தப்புன்னு சொல்ல?"

நான் சட்டையில் மிச்சமிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டேன்.

"ஆனா எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்" என்றாள்.  "காலண்டர் தாளை மடிச்சு விறகுல செருகுனீகளே, அதையும் பாத்தேன். இவரு எப்பச் சொல்லப் போறாருன்னு தினமும் உக்காந்து வந்தேன்."

பஸ் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. "மதர்கிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரல்.

அவள் எழுந்து புடவையைச் சரிசெய்தாள். "நம்ம வண்டி எப்ப வருது?"

"நாளன்னைக்கு."

"ரெண்டு நாளைக்கு வேன்காரர்கிட்டச் சொல்லிவைங்க" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

எல்லாக் குழாயையும் மாற்றினோம். சூட்டு முள்ளையும் சரிசெய்தோம், இப்போது அது உண்மை சொல்கிறது. ஈரம் தெரிந்தால், புதுச் சத்தம் கேட்டால், அவளிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். அவளும் இறங்கி வந்து குனிந்து பார்க்கிறாள், ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல.

தை மாதத்தில் ஒரு காலை, அதே சரிவுக்கு இந்தப் பக்கம், காருக்குள் சட்டென்று புகை வாசனை வந்தது. என் உடம்பு எழுந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை எஞ்சினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து, "இறங்கு, ஓடு!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. அவள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன். ஈரக் கம்பங்காட்டில் முழங்கால் வரை நனைந்து நின்று திரும்பிப் பார்த்தோம். கார் சாதுவாக நின்றது. அதற்கு அப்பால் ஆட்டுக்கிடைக்காரர் ஒருவர் பனையோலையைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "என்ன தொலைச்சீக?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றாள் அவள். மூச்சு வாங்கச் சிரித்தாள். மஞ்சு எங்களைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.