அரைக்கு விழுந்த பூஜ்யம்

கடலூரில் மரக்கடை, சிதம்பரத்தில் லாட்ஜ், அதன் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். நாலாம் வகுப்பு மட்டும் படித்த நான் தனி ஆளாய்க் கட்டியவை. 2010இல் அங்கே, கணினியே திருத்தும் ஆன்லைன் கணக்குத் தேர்வு வைத்தோம். கேள்வியும் விடையும் பதிந்தவர் ஒரு வாத்தியார்.

கிள்ளையிலிருந்து பஸ் ஏறி வந்த பெண் ஒரு விடையை 1/2 என்று அடித்தாள். பூஜ்யம் விழுந்தது.

"தப்பா சார்?"

"மெஷினு தப்பு பண்ணாது பாப்பா" என்றேன். அவள் பிறகு வரவேயில்லை.

பதிந்த விடை 0.5. இரண்டும் ஒன்றுதான் என்று வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது.

"அரையடிப் பலகைய ஆறு அங்குலம்னு கேட்டா இல்லேன்னா சொல்றேன்? எப்படி எழுதுனாலும் மார்க் போட வையி வாத்தியாரே!"

மாற்றினார். பாராட்டு அவருக்குக் கிடைத்தது. காலி நாற்காலியைப் பார்த்தால் இன்றும் எனக்கு "தப்பா சார்?" கேட்கிறது. அந்தத் திருத்தம் என்னுடையது, மெஷினு தப்பு பண்ணாது என்ற பதிலும் என்னுடையது. சென்டரின் கதையை எழுத வந்த நீங்கள் இரண்டையும் என் பேரில் எழுதுங்கள்.